காத்திருக்கிறதும் ஒரு ஸ்டெப்தான்: டாங்கோ சொல்லித்தரும் பொறுமை

இந்த எபிசோடில் நாம் பேசப்போவது ஜோடி நடனம் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், ஆசையா கத்துக்கப் போறவங்கள்ல நிறைய பேர் ஏன் மூணாவது மாசம் காணாமப் போயிடறாங்க, தொடர்ந்து வர்றவங்க அப்படி என்ன வித்தியாசமா செய்றாங்க என்பது பற்றி.

1992-ல் வந்த 'சென்ட் ஆஃப் எ வுமன்' படத்தை நீங்க பார்த்திருக்கலாம். பார்க்கலைன்னாலும் அந்த டாங்கோ காட்சி உங்க ரீல்ஸில் ஒரு தடவையாவது வந்திருக்கும். பார்வையில்லாத முன்னாள் ராணுவ அதிகாரியாக அல் பசினோ. ஹோட்டலில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு இளம்பெண்ணை ஆட அழைக்கிறார். கத்துக்கணும்னு ஆசை இருந்தது, கத்துக்கலைன்னு அவள் சொல்கிறாள். அடுத்த சில நிமிடங்களில் இரண்டு பேரும் அந்தத் தளத்தையே தங்களுடையதாக்கிவிடுகிறார்கள்.

அழகான காட்சிதான். ஆனால் அதைப் பார்த்துட்டு டாங்கோ வகுப்புக்குப் போறவங்களுக்கு முதல் நாளே ஒரு ஷாக் காத்திருக்கும். ஏன்னா அங்க முதல்ல சொல்லித்தர்றது சுழல்றதும் இல்ல, காலைத் தூக்கி வீசுறதும் இல்ல. நடக்கச் சொல்லித் தருவாங்க. நடக்க மட்டும்!

சல்சா, பச்சாட்டா, ஸ்விங் என்று எந்த ஜோடி நடனத்தை எடுத்தாலும் இன்று பேசப்போவது ஓரளவு பொருந்தும். ஆனால் டாங்கோவை எடுத்துக்கொள்வோம். காரணம், பொறுமை என்பதை ஒரு நல்ல குணமாக மட்டும் பார்க்காமல், ஒரு டெக்னிக்காகவே வளர்த்தெடுத்த நடனம் அது.

தப்பு யாரோடது?

நீங்கள் தனியாக ஆடினால் தப்பு உங்களுடையது. கண்ணாடியில் பார்த்தால் தெரியும். வீடியோ எடுத்தால் தெரியும். திருத்திக்கொள்ளலாம்.

ஜோடியாக ஆடும்போது அப்படி இல்லை. ஒரு ஸ்டெப் சொதப்பினால் யார் தப்பு என்றே தெரியாது. லீட் செய்பவர் சரியாகச் சொல்லவில்லையா? ஃபாலோ செய்பவர் சரியாகக் கேட்கவில்லையா? இரண்டு பேரின் பேலன்ஸும் சரியில்லையா? அந்த நேரத்தில் மனசு உடனே ஒரு பதிலைப் பிடித்துக்கொள்ளும். ஒன்று, "எனக்கு டான்ஸே வராது." இல்லைன்னா, "இவங்ககூட ஆடவே முடியாது."

பெரும்பாலும் இரண்டுமே உண்மை இல்லை. ஆனால் மூன்றாவது மாதம் நின்றுபோகிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றை நம்பித்தான் நின்றுபோகிறார்கள். அதனால் ஜோடி நடனத்துக்கு இரண்டு விதமான பொறுமை வேணும். ஒண்ணு, நம்ம உடம்பு மெதுவா கத்துக்கிறதை ஏத்துக்கிற பொறுமை. இன்னொண்ணு, எதிரில் இருப்பவரும் அதே வேகத்தில்தான் கத்துக்கிறார் என்பதை ஏத்துக்கிற பொறுமை. முதலாவதைப் பற்றி எல்லாரும் பேசுவாங்க. நிஜமான கஷ்டம் இரண்டாவதில்தான்.

ஒரே ஒரு ஸ்டெப்புக்குள்ள என்ன நடக்குது?

இதைக் கொஞ்சம் ஸ்லோமோஷனில் பார்ப்போம்.

டாங்கோவில் இரண்டு பேரும் அணைத்தபடி, எதிரெதிராக நிற்கிறார்கள். லீட் செய்பவர் கையால் தள்ளுவதில்லை, இழுப்பதில்லை. தன் மார்பையும் உடல் எடையையும் லேசாக நகர்த்துகிறார். அது ஒரு கேள்வி மாதிரி: "இந்தப் பக்கம் போகலாமா?" ஃபாலோ செய்பவர் அதை உணர்ந்து, எடை இல்லாத காலை நீட்டி, தரையில் வைத்து, அதன் மேல் தன் எடையைக் கொண்டுவருகிறார். அது பதில்.

பதில் முழுசா வந்து சேர்ற வரைக்கும் லீடர் அடுத்த கேள்வியைக் கேட்கக் கூடாது. இது வெறும் மரியாதை இல்லை, உடம்போட கணக்கு. நீங்க எந்தக் கால்மேல நிக்கிறீங்களோ அந்தக் காலைத் தூக்க முடியாது, இல்லையா? எதிரில் இருப்பவரின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று தெரியாமல் அவசரப்படும் லீடர், முடியாத ஒன்றைக் கேட்கிறார். பதில் வராதபோது கையால் இழுக்கிறார். அங்கேதான் டான்ஸ் மல்யுத்தமாக மாறுகிறது.

ஃபாலோயர் பக்கமும் ஒரு அவசரம் இருக்கிறது: ஊகிப்பது. பல வகுப்புகளில் ஆரம்பத்தில் எட்டு ஸ்டெப் கொண்ட ஒரு அடிப்படை வரிசையைச் சொல்லித்தருவார்கள். அதில் ஐந்தாவது ஸ்டெப்பில் ஃபாலோயரின் கால்கள் குறுக்காகச் சேரும். கொஞ்ச நாளில் உடம்பு அதை மனப்பாடம் செய்துவிடும். பிறகு லீடர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஐந்தாவது எண்ணிக்கையில் கால் தானாகப் போய்ச் சேர்ந்துகொள்ளும்.

டூ-வீலர் உதாரணம் சொன்னா புரியும். வளைவு வருதுன்னு பின்னாடி உட்கார்ந்திருப்பவர் ஓட்டுறவருக்கு முன்னாலயே சாய்ஞ்சா வண்டி தடுமாறும். சாயவே மாட்டேன்னு விறைப்பா உட்கார்ந்தாலும் தடுமாறும். கூடவே சாய்ஞ்சா மட்டும்தான் வளைவு ஸ்மூத்தா போகும். டாங்கோவில் இன்னும் ஒரு சிக்கல்: பின்னாடி இருக்கிறவர் சும்மா உட்கார்ந்திருக்கலை, தன் சொந்தக் காலில் நடந்துட்டு இருக்கார்.

அதனால் இந்த எபிசோடில் நான் சொல்ல வருவது இதுதான். ஜோடி நடனத்தில் பொறுமை என்பது "ஒருநாள் நல்லா ஆடுவோம்" என்று வருஷக்கணக்கில் காத்திருப்பது மட்டும் இல்லை. ஒவ்வொரு ஸ்டெப்புக்கு உள்ளேயும், அரை நொடி, எதிரில் இருப்பவர் வந்து சேரும்வரை காத்திருப்பது. அந்த அரை நொடி வந்துவிட்டால் பெரிய பொறுமை தானாக வந்துவிடும்.

பியூனஸ் அயர்ஸில் எப்படிக் கற்றார்கள்?

டாங்கோ பிறந்தது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ், உருகுவேயின் மாண்டெவிடியோ ஆகிய துறைமுக நகரங்களில். 2009-ல் இரு நாடுகளும் சேர்ந்து கேட்டுத்தான் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அந்தக் காலத்து பியூனஸ் அயர்ஸ் வந்தேறிகளின் நகரம். 1914 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அங்கே வசித்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகளிலிருந்து வேலை தேடி வந்தவர்களில் ஆண்களே அதிகம். அதாவது ஆட விரும்பிய ஆண்கள் நிறைய, பெண்கள் குறைவு. ஆடத் தெரியாதவனோடு ஒரு பெண் ஏன் ஆட வேண்டும்? அவளுக்கு வேறு ஆள் இருக்கிறானே!

அதனால் ஆண்கள் முதலில் ஆண்களோடு பயிற்சி செய்தார்கள். இந்தப் பயிற்சிக் கூடல்களுக்கு 'பிராக்டிகா' என்று பெயர். அங்கே ஒரு வழக்கம் இருந்ததாகப் பழைய தலைமுறை நடனக்காரர்கள் பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். புதிதாக வரும் பையன் எடுத்த எடுப்பில் லீட் செய்ய மாட்டான். மாதக்கணக்கில் ஃபாலோ மட்டுமே செய்வான். அனுபவசாலிகள் அவனை நடத்திச் செல்வார்கள். அதற்குப் பிறகுதான் லீட் செய்யும் வாய்ப்பு. அதிலும் தேறிய பிறகுதான் 'மிலோங்கா' எனப்படும் நடனக் கூடத்தில் பெண்களை ஆட அழைக்கும் தைரியம். பெண்கள் பெரும்பாலும் வீட்டில் அம்மா, அத்தை, அண்ணன் தம்பிகளோடு ஆடிக் கற்றார்கள்.

இந்த முறையோட புத்திசாலித்தனத்தைக் கவனிங்க. மாசக்கணக்கா ஃபாலோ பண்ண ஒருத்தனுக்கு, அவசரப்படுற லீடர் எப்படி இருப்பான்னு உடம்புலயே தெரியும். இழுத்தா எப்படி இருக்கும், காத்திருந்தா எப்படி இருக்கும்னு தெரியும். அவன் லீட் செய்யும்போது காத்திருக்கச் சொல்லி யாரும் அவனுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. இன்றும் பல ஆசிரியர்கள் ஆண், பெண் வித்தியாசம் இல்லாமல் எல்லாரையும் இரண்டு பக்கமும் ஆடிப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நடை என்ன பெரிய விஷயமா?

சரி, நடைக்கு வருவோம். ஒரு வயதிலிருந்து நடக்கிறோம், இதில் கத்துக்க என்ன இருக்குன்னு தோணும்.

எதிரில் ஒருவரை அணைத்துக்கொண்டு, அவர் கால் இருந்த இடத்தில் உங்கள் காலை வைத்து நடந்து பாருங்கள். முதலில் வருவது பயம்: மிதித்துவிடுவேனோ? பயத்தில் கீழே குனிந்து பார்ப்பீர்கள். மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அது முன்னால் சாய்ந்ததும் உங்கள் பேலன்ஸ் மாறும், எதிரில் இருப்பவர் பின்னால் தள்ளப்படுவார். அவரோ கண்ணுக்குத் தெரியாத திசையில், பின்பக்கமாக நடந்துகொண்டிருக்கிறார். இடுப்பிலிருந்து காலை நீட்டி, பாதத்தை மெதுவாகத் தரையில் உருட்டி எடையை மாற்ற அவருக்கும் நேரம் வேண்டும். இத்தனையும் இசையின் தாளத்துக்குள் நடக்க வேண்டும். பியூனஸ் அயர்ஸின் வில்லா உர்கீசா பகுதியின் பாணி உலகம் முழுக்கப் பேசப்படுவது அதன் நீண்ட, வழுக்கிச்செல்லும் நடைக்காக.

இந்த நடைக்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மேடலின் ஹாக்னி, கேமன் எர்ஹார்ட் ஆகிய ஆய்வாளர்கள் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு டாங்கோ வகுப்பு நடத்திப் பார்த்தார்கள். 2009-ல் வெளியான அவர்களின் ஆய்வில் டாங்கோ ஆடியவர்களின் பேலன்ஸ் மேம்பட்டது. நிற்பது, மீண்டும் தொடங்குவது, பின்னால் நடப்பது, திரும்புவது: பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கடினமானவை எவையோ, டாங்கோ நடையில் திரும்பத் திரும்ப வருபவை அவையே. 2012-ல் வந்த இன்னொரு ஆய்வில் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், ஒரு வருஷம் தொடர்ந்து ஆடினார்கள். ஆடியவர்களுக்கு உடல் அசைவு சார்ந்த அறிகுறிகள் குறைந்திருந்தன. வாரம் இரண்டு மணி நேரம்தான். ஆனா ஒரு வருஷம் விடாம. இதைக் கொஞ்சம் மனசில் வெச்சுக்கோங்க.

ரெண்டு பேருக்கும் ஒரே வேகம் இல்ல

வகுப்பில் யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒரு விஷயம்: லீடரும் ஃபாலோயரும் ஒரே வேகத்தில் முன்னேறுவது இல்லை.

ஆரம்பத்தில் லீடருக்குத்தான் பாரம் அதிகம். எங்கே போவது, யார் குறுக்கே வருகிறார்கள், இசையில் என்ன வருகிறது, அடுத்து என்ன செய்வது என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் யோசிக்க வேண்டும். அதனால் முதல் வருஷம் பல லீடர்களுக்கு நரகம். அதே நேரத்தில் ஒரு ஃபாலோயர் அனுபவமுள்ள ஒருவரோடு ஆடினால் சில மாதங்களிலேயே பறப்பது போல் உணர்வார். "எனக்கு வந்துடுச்சு" என்று தோன்றும். பிறகு ஒருநாள், தன் சொந்தப் பேலன்ஸில் நிற்கத் தெரியவில்லை என்பது புரியும். அவருக்கான நீண்ட, சலிப்பான காலம் அப்போதுதான் தொடங்கும். லீடரோ அந்தச் சமயத்தில்தான் மூச்சுவிடத் தொடங்கியிருப்பார்.

காதலர்களாகவோ நண்பர்களாகவோ சேர்ந்து கற்க வருபவர்கள் சண்டை போட்டுக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "நீ பிராக்டீஸ் பண்றதே இல்ல" என்று ஒருவர் சொல்வார். உண்மையில் இரண்டு பேரும் பயிற்சி செய்திருப்பார்கள். கஷ்டமான கட்டம் ஆளுக்கு ஒரு நேரத்தில் வருகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு புகார், "வகுப்பில் ஏன் பார்ட்னரை மாத்திக்கிட்டே இருக்காங்க?" ஒரே ஆளோடு ஆடினால் சீக்கிரம் வந்துவிடுமே என்று தோன்றும். இதற்கு ஒரு பழைய ஆய்வு பதில் தருகிறது. 1979-ல் ஜான் ஷே, ராபின் மார்கன் இருவரும் சில கை அசைவுகளை இரண்டு குழுக்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு ஒரே அசைவைத் தொடர்ந்து செய்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழு அசைவுகளை மாற்றி மாற்றிச் செய்தது. பயிற்சியின்போது முதல் குழுதான் பிரமாதம். ஆனால் பிறகு சோதித்துப் பார்த்தபோது, கற்றதை நன்றாக நினைவில் வைத்திருந்தது தடுமாறிய இரண்டாவது குழு. நடனத்தை வைத்துச் செய்த ஆய்வு இல்லைதான். ஆனால் வகுப்பில் பார்ட்னர் மாறும்போதும் இதே மாதிரி ஒன்றுதான் நடக்கிறது. புதுசா ஒருத்தர் வந்ததும் தடுமாறுறீங்களா? அது பின்னடைவு இல்ல. கத்துக்கிறது அப்படித்தான் இருக்கும்.

மிலோங்காவின் விதிகளே பொறுமைக்காக

மிலோங்காவுக்குள் போனால், அங்கே இருக்கிற சம்பிரதாயங்கள் எல்லாம் பொறுமையை மனதில் வைத்தே உண்டானவையோ என்று தோன்றும்.

முதலில் 'தாண்டா'. ஒரே இசைக்குழுவின் மூன்று அல்லது நான்கு பாடல்களை அடுத்தடுத்துப் போடுவார்கள். ஏறக்குறைய 10 நிமிடம். ஒருவரோடு ஆட ஒப்புக்கொண்டால் தாண்டா முடியும்வரை ஆடுவது வழக்கம். முதல் பாட்டில் தடுமாறலாம், ஒருவர் மூச்சை இன்னொருவர் பழகிக்கொள்வதற்குத்தான் அது. மூன்றாவது பாட்டில்தான் பலருக்கு டான்ஸ் அமையும். முதல் பாட்டை வைத்து யாரையும் எடைபோடாதே என்று அந்த அமைப்பே சொல்கிறது. தாண்டா முடிந்ததும் 'கோர்தினா' என்று சம்பந்தமே இல்லாத ஒரு இசைத்துணுக்கு ஒலிக்கும். எல்லாரும் அவரவர் இடத்துக்குத் திரும்பலாம்.

அடுத்தது 'ரோண்டா'. எல்லா ஜோடிகளும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வட்டமாக நகர்வார்கள். முன்னால் இருக்கும் ஜோடி நின்றால் நீங்களும் நிற்க வேண்டும். நம்ம ஊர் சிக்னல் மாதிரி ஹாரன் அடிச்சு இடுக்குல புகுந்து போக முடியாது! நின்ற இடத்திலேயே எடையை மாற்றி, இசையைக் கேட்டு, காத்திருக்க வேண்டும். ஒஸ்வால்டோ புக்லியேசெயின் இசையைக் கேட்டுப் பாருங்கள். வேகம் ஏறும், தணியும், திடீரென்று நின்றுவிடும். அந்த மௌனத்தில் அசையாமல் நிற்பதும் ஆடுவதுதான்.

மூன்றாவது 'காபெசேயோ'. ஆட அழைப்பது கண்ணால். தூரத்திலிருந்து ஒருவரைப் பார்ப்பீர்கள். அவரும் பார்த்தால், லேசாகத் தலையசைப்பீர்கள். அவரும் தலையசைத்தால் சம்மதம். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டால் விஷயம் அங்கேயே முடிந்தது. யாருக்கும் அவமானம் இல்லை, யாரும் காரணம் சொல்லத் தேவையில்லை.

இங்க கொஞ்சம் நிக்கணும். விடாமுயற்சின்னா என்னன்னு நமக்கு நம்ம சினிமா ஒரு தப்பான பாடம் எடுத்திருக்கு. அவள் வேண்டாம்னு சொன்னா இன்னும் பத்து தடவை பின்னாடி போ, கடைசியில சம்மதிப்பா. டாங்கோ இதற்கு நேர் எதிர். ஒருவர் வேண்டாம் என்றால் விடாமுயற்சி அவர் பக்கம் போகக் கூடாது, உங்கள் நடை பக்கம் திரும்ப வேண்டும். தாண்டாவின் நடுவில் ஒருவர் "நன்றி" என்று சொன்னால், "இதோடு போதும்" என்று அர்த்தம். அணைப்பு இறுக்கமாக இருந்தாலோ, வலித்தாலோ, அசௌகரியமாக இருந்தாலோ அதைச் சொல்லலாம். பொறுமை என்பது எதையும் சகித்துக்கொள்வது இல்லை. வகுப்பிலும் இதே விதிதான்.

விடாம ஆடின ஒரு ஜோடி

ஹுவான் கார்லோஸ் கோபெஸ், மரியா நியேவெஸ். டாங்கோ உலகின் மிகப் புகழ்பெற்ற ஜோடி. பதின்ம வயதில் பியூனஸ் அயர்ஸ் நடனக் கூடங்களில் தொடங்கியவர்கள். 1955-ல் பெரோன் ஆட்சி கவிழ்ந்த பிறகு டாங்கோவின் பொற்காலம் முடிவுக்கு வந்தது. இளைஞர்கள் ராக் இசைப் பக்கம் போனார்கள். அப்போதும் இவர்கள் டாங்கோவை மேடைக்குக் கொண்டுபோனார்கள். 1983-ல் பாரிஸில் 'டாங்கோ அர்ஜென்டினோ' நிகழ்ச்சி அரங்கேறி, 1985-ல் பிராட்வேயைத் தொட்டது. உலகம் முழுக்க மறுபடி டாங்கோ வகுப்புகள் நிரம்பின. அந்த நிகழ்ச்சியின் நட்சத்திரங்களில் இவர்களும் உண்டு.

ஆனால் அவர்களுடைய மண வாழ்க்கை 1970-களிலேயே முடிந்துபோனது. மேடையில் மட்டும் பல ஆண்டுகள் தொடர்ந்து சேர்ந்து ஆடினார்கள். 2015-ல் ஜெர்மன் க்ரால் இயக்கிய ஆவணப்படத்தில் இருவருமே அந்தக் காயங்களைப் பேசுகிறார்கள். பார்க்கும்போது இரண்டு விஷயம் தோன்றும். விடாமுயற்சி ஒரு கலையையே காப்பாற்றும். அதற்கு மனிதர்கள் கொடுக்கும் விலையும் சின்னதில்லை. அதனால் "எப்பாடு பட்டாவது அதே ஆளோடு ஆடியே தீரணும்" என்பதை இதிலிருந்து பாடமாக எடுத்துக்க வேண்டாம். நடனத்தைத் தொடர்வது ஒண்ணு, ஒரு ஜோடியைத் தொடர்வது வேற.

முதல் ஆறு மாசத்துக்கு

கத்துக்கணும்னு யோசிக்கிறவங்களுக்குச் சில விஷயங்கள்.

ஒண்ணு, ஒரே நாளில் நாலு மணி நேர ஒர்க்‌ஷாப்பைவிட வாரம் இரண்டு முறை ஒரு மணி நேரம் நல்லது. உடம்புக்கு இடைவெளி வேணும்.

ரெண்டு, வீட்டில் தினமும் பத்து நிமிடம் நடங்க. ஒரு பாட்டு போட்டு, ஒரு காலில் எடை முழுசா வந்து நின்ன பிறகு மட்டும் அடுத்த கால். கார்லோஸ் டி சார்லியின் நிதானமான பாடல்கள் இதற்கு ரொம்ப வசதி.

மூணு, எதிர்ப் பக்கத்தையும் ஆடிப் பாருங்க. லீடர் ஃபாலோ பண்ணட்டும், ஃபாலோயர் லீட் பண்ணட்டும்.

நாலு, கேட்காமல் எதிரில் இருப்பவரைத் திருத்தாதீங்க. அது ஆசிரியரின் வேலை. ஸ்டெப் சொதப்பினா முதல்ல கேட்க வேண்டிய கேள்வி: "நான் காத்திருந்தேனா?"

ஐந்து, புது ஸ்டெப் எத்தனை தெரியும் என்று எண்ணாதீங்க. இரண்டு மாசத்துக்கு முன்னாடி ஆடின ஒருத்தரோடு மறுபடி ஆடிப் பாருங்க. உடம்பு எவ்வளவு தளர்வா இருக்கு, எவ்வளவு குறைவா இழுக்குறீங்கன்னு பாருங்க. முன்னேற்றம் அங்கதான் தெரியும்.

இந்த வாரம் ஒரு சின்ன ஹோம்வொர்க். நண்பர் ஒருவரின் உள்ளங்கையோடு உங்க உள்ளங்கையைச் சேர்த்து வெச்சுக்கிட்டு, பேசாம, ஒரு பாட்டு முழுக்க சும்மா நடந்து பாருங்க. நடுவில் ஒரு இடத்தில் நீங்க அவசரப்படுவீங்க. எந்த இடம்னு கண்டுபிடிச்சு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.